ராஜமதி அக்காவின் முப்பத்தேழாம் நாள்

ஆகஸ்ட் 19, செவ்வாய்

இன்று முதல் நாட்குறிப்பு எழுதுகிறேன். காரணம் இருக்கிறது. கனடாவிலிருந்து ஒரு பேராசிரியை எங்கள் பெருநாவலூருக்கு வந்திருக்கிறார். உலகச் சமயங்களைப் பற்றிக் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு பெரிய புத்தகம் தயாராகிறதாம். அதில் ஜைனம் பற்றிய பகுதி அவர் பொறுப்பு. பெயர் தெய்வயானை. காரைக்குடிப் பக்கத்துப் பெண், வயது ஐம்பது இருக்கும். அங்கே யார் வாயிலும் நுழையாமல் அந்தப் பெயர் 'டீவா' ஆகிவிட்டதாம். என் அக்கா ராஜமதியின் மகள் பத்மஜாவுக்கு அவர் அண்டை வீடு. "எங்க தரணி மாமாவைப் பாருங்க, அவருக்குத் தெரியாத விஷயமே கிடையாது" என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். ஆளை அளக்கத் தெரிந்த பெண்.

எங்கள் கோயிலான ஜினாலயத்துச் சத்திரத்தில் அவரைத் தங்கவைத்தேன். ஊரில் எத்தனை ஜைனக் குடும்பங்கள் என்று கேட்டார். நூற்றைம்பது என்றேன். நாற்பத்திரண்டுதான். ஆனால் பூட்டிக் கிடக்கும் வீடுகளையும், சென்னைக்குப் போனவர்களையும், போகப் போகிறவர்களையும் சேர்த்துத்தானே எண்ண வேண்டும்.

அவர் வந்ததே ராஜமதி அக்காவுக்காக என்று அப்புறம்தான் தெரிந்தது. ஒன்பது வருடம் முன்பு வயிற்றில் புற்று வந்து, இனி மருந்துக்கு வேலையில்லை என்று மருத்துவர்கள் கைவிரித்தபோது, அக்கா சல்லேகனை விரதம் எடுத்துக்கொண்டாள். உடம்பு இனி உதவாது என்று தெளிவாகத் தெரிந்தவர்கள், துறவியர் அனுமதியோடு, கோபமும் ஆசையும் இல்லாமல், முதலில் சோறு, பிறகு மோர், கடைசியில் வெந்நீர் என்று ஒவ்வொன்றாக விட்டு உயிரையும் விடுவது எங்கள் சமயத்தில் உள்ள வழக்கம். அக்காவுக்கு நாற்பத்தொரு நாள் ஆயிற்று. நாற்பத்தொரு நாளும் பக்கத்தில் இருந்தவன் நான்.

"ஐயா, தேதிவாரியா எதாவது குறிப்பு இருக்கா?" என்றார் பேராசிரியை.

"குறிப்பா? தினமும் எழுதின டைரியே இருக்குங்க" என்றேன்.

அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. வந்துவிட்டது.

ஆகஸ்ட் 20, புதன்

"எந்த டைரி?" என்றாள் என் மனைவி சுலோசனா. "கேஸ் சிலிண்டர் வந்த தேதிய காலண்டர்ல எழுதுங்கன்னு சொன்னா அதையே எழுதாத ஆளு நீங்க."

"மனசுல எழுதினது."

"அப்ப மனச எடுத்துக் கனடாவுக்கு அனுப்புங்க."

பரணில் தேடினேன். கூட்டுறவு சங்கத்தில் நான் வேலையில் இருந்த காலத்துப் பழைய டைரிகள் கிடந்தன. அந்த வருடத்து டைரியும் இருந்தது, ஒரு எழுத்துகூட எழுதாமல் புத்தம் புதிதாக. இதை வினைப்பயன் என்றுதான் சொல்ல வேண்டும். என் நினைவுதான் டைரி. மை மட்டும் கொஞ்சம் தாமதமாக ஏறுகிறது. இதில் பொய் எங்கே இருக்கிறது?

ஆகஸ்ட் 22, வெள்ளி

பேராசிரியை வீட்டுக்கு வந்தார். அக்காவின் கணவர் ஆதிராஜ் மாமாவையும் கூப்பிட்டிருந்தேன். எண்பத்து நாலு வயது. அடுத்த தெருவில் தனியாக இருக்கிறார், சாப்பாடு எங்கள் வீட்டில். சுலோசனா எல்லோருக்கும் மோர் கொடுத்தாள். மாமா டம்ளரைத் தொடவில்லை. சில வருடமாகவே அவர் மோர் சாப்பிடுவதில்லை, வயதானால் சளி பிடிக்கும்.

அந்த அம்மாவின் மடிக்கணினியில் ஒரு பட்டியல் இருக்கிறது. இந்தியா முழுக்க விரதம் இருந்தவர்கள் பெயர், வயது, எந்த நாள் எதை விட்டார்கள் என்று கட்டம் கட்டமாக. அக்கா பெயரையும் பார்த்தேன். என் பெயர் எங்கே வரும் என்று கேட்டேன். தகவல் தந்தவர் என்று கீழே வருமாம், சின்ன எழுத்தில்.

"எத்தனை பேரு பார்க்க வந்தாங்க?"

"அஞ்சாயிரம்."

"ஒரு நாளைக்கா, மொத்தமாவா?"

நான் விரல்விட்டு எண்ணத் தொடங்கினேன். "தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க ஐயா. அதுவும் தகவல்தான்" என்றார். எஸ்.எஸ்.எல்.சி.யில் இரண்டு முறையும் எனக்கு இப்படி ஒரு வாத்தியார் வாய்த்திருந்தால் நான் இன்று இருக்க வேண்டிய இடமே வேறு.

பிறகு அவர் தன் வேலையை விளக்கினார். படித்தவர்களுக்குள் ஒரு பெரிய வழக்கு நடக்கிறதாம். இந்த விரதம் தற்கொலையா இல்லையா என்று. அதற்கு விடை ஒரே ஒரு இடத்தில்தான் இருக்கிறது என்றார். விடுகிறவர் தானாக, தெளிந்த புத்தியோடு, யாருடைய தூண்டுதலும் இல்லாமல் விட வேண்டும்.

"உங்க அக்கா கேஸ்ல ஒண்ணு விசேஷம். வெந்நீரை இன்னும் பத்து நாள் எடுத்துக்கலாம்னு விரதம் தந்த துறவி மாதாஜி சொல்லியிருக்காங்க. ஆனா முப்பத்தேழாம் நாளே இவங்களா அதையும் விட்டுட்டாங்க. ஏன்?"

"பற்று அத்துப்போச்சு. அந்த நிலை எல்லாருக்கும் வராதுங்க" என்றேன். ஒன்பது வருடமாக ஊரில், கல்யாணத்தில், வந்தவாசி பஸ்ஸில் நான் சொல்லிவருவது. கேட்டவர்கள் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறார்கள்.

மாமா எழுந்து, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போய்விட்டார். மனைவியின் பெருமையைக் கேட்டுக் கண் கலங்கியிருக்கும்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

பழைய டைரியில் இன்று பன்னிரண்டு நாள் எழுதி முடித்தேன். மூன்று பேனா, ஒரு பென்சில். ஒன்பதாம் நாள் கை வலி என்று போட்டு எழுத்தைக் கோணலாக்கினேன். பன்னிரண்டாம் நாள் ஜன்னலில் ஒரு மயில் வந்து உட்கார்ந்தது. வந்திருக்கக்கூடிய மயில்தான். எங்கள் ஊரில் மயிலுக்குக் குறைவில்லை.

தாள் பழசாகத் தெரிய வேண்டும் என்று மொட்டை மாடியில் வெயிலில் வைத்தேன். சுலோசனா வடகம் எடுக்க வந்தாள்.

"அது காயலயா இன்னும்?"

"ஈரம் பட்டுடுச்சு."

"நல்லா காயட்டும். அப்பதான் மொறுமொறுன்னு வரும்."

ஆகஸ்ட் 28, வியாழன்

தசலட்சண பர்வம் தொடங்கியது. பத்து நாள், நாளுக்கு ஒரு குணம். இன்று பொறுமை. அபிஷேகத்துக்கு முதல் குடம் என்னுடையது.

ஆகஸ்ட் 29, வெள்ளி

இன்று அடக்கத்தின் நாள். என் அளவுக்கு அடக்கமாக இருந்தவர் ஊரில் யாருமில்லை.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

முப்பத்து மூன்றாம் நாள்வரை வந்துவிட்டேன். முப்பதாம் நாளிலிருந்து அக்காவுக்கு வெந்நீர் மட்டும்தான்.

அந்தத் தண்ணீர் என் பொறுப்பு. இதை யாராலும் மறுக்க முடியாது, இதில் அலங்காரமும் கிடையாது. விரதக்காரருக்குக் குழாய்த் தண்ணீர் ஆகாது. கிணற்றில் இறைத்து, இரண்டு மடிப்புத் துணியில் வடிகட்ட வேண்டும். துணியில் தங்கிய கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் சாகாமல், அதே கிணற்றுத் தண்ணீரை மெல்ல ஊற்றி அவற்றைக் கிணற்றுக்கே திருப்பி விட வேண்டும். அதன் பிறகு காய்ச்ச வேண்டும். குளித்து ஈர வேட்டியோடு நான் செய்வேன், அடுப்பு இருந்த பின்கட்டுக்கு வேறு யாரும் வரக்கூடாது. யார் செய்வது என்று பேச்சு வந்தபோது, "என்னைப் போலத் தண்ணி வடிகட்ட வந்தவாசித் தாலுகாவுல ஆளில்ல" என்று நான்தான் சொன்னேன்.

அக்காவும் "தரணி செய்யட்டும்" என்றாள். அம்மா இறந்தபோது எனக்கு நாலு வயது, அவளுக்குப் பன்னிரண்டு. என்னை வளர்த்தவள். மூன்று வேளையும் சாப்பிட்டாயா என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். விரதத்திலும் அதை விடவில்லை. தான் ஒன்றும் சாப்பிடாமல் படுத்துக்கொண்டு, "நீ சாப்ட்டியாடா?" என்பாள்.

செப்டம்பர் 1, திங்கள்

முப்பத்து நான்காம் நாள்: வெந்நீர். அமைதி.

முப்பத்தைந்தாம் நாள்: வெந்நீர். அமைதி.

முப்பத்தாறாம் நாள்: வெந்நீர். அமைதி.

முப்பத்தேழாம் நாள்: பேனாவில் மை தீர்ந்துவிட்டது. கடைக்குப் போக வேண்டும்.

செப்டம்பர் 2, செவ்வாய்

பேனா வாங்கினேன். எழுதவில்லை. இன்று உண்மையின் நாளாம், ஜினாலயத்தில் நீண்ட சொற்பொழிவு. பின்வரிசையில் உட்கார்ந்தேன், விசிறிக்காக.

சாயங்காலம் பேராசிரியை வந்தார். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுவது எங்கள் வழக்கம், அவரும் கூடவே உட்கார்ந்து சாப்பிட்டார். டைரியைக் கேட்டார். முப்பத்தாறு நாள் எழுதியது இருக்கிறது, மீதிப் பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, பிரித்துத் தருகிறேன் என்று சொல்லிக் கொடுத்தேன். நின்றபடியே புரட்டினார். பிறகு தான் எழுதியிருப்பதிலிருந்து ஒரு வரியைத் தமிழில் சொன்னார்.

"'முப்பத்தேழாம் நாள் ராஜமதி தன் விருப்பத்தால் மட்டுமே நீரையும் துறந்தார்.' இந்த ஒரு வரி மேலதான் என் பகுதி முழுசும் நிக்குது ஐயா. பதினஞ்சாம் தேதி அச்சுக்குப் போகுது. உலகம் பூரா பசங்க படிப்பாங்க. தப்பு இருந்தா இப்பவே சொல்லிடுங்க."

"ஒரு தப்பும் இல்ல" என்றேன்.

செப்டம்பர் 3, புதன்

முதுகு வலி. எங்கும் போகவில்லை.

செப்டம்பர் 4, வியாழன்

காலையில் சுலோசனா முறத்தில் எறும்பைத் தள்ளி வெளியே விட்டுக்கொண்டிருந்தாள். விளக்குமாறு பட்டால் செத்துவிடும் என்று துணி நுனியால் தள்ளுவாள். தலையை நிமிர்த்தாமலே பேசினாள்.

"அன்னிக்கும் இப்படித்தான் மொய்ச்சிருந்துது."

"என்னிக்கு?"

"வெந்நீர் போட்ற ஏனத்துல. உங்க அக்கா படுத்திருந்தப்ப. வெறும் தண்ணி காய்ச்சற ஏனத்துல எறும்புக்கு இன்னா வேலைன்னு நின்னு பார்த்தேன். ஒவ்வொண்ணா தள்ளி விட்டுட்டு, ஏனத்த கழுவி கவுத்து வெச்சேன்."

"ஒன்பது வருஷமா ஒண்ணும் கேக்கலயே நீ."

"நீங்க சொல்லுவீங்கன்னு பார்த்தேன். நீங்க பற்று அத்துப்போச்சுன்னு கதை சொல்லிக்கினு இருந்தீங்க."

செப்டம்பர் 5, வெள்ளி

எழுதிவிடுகிறேன். இது யாருக்கும் காட்டப்போகிற டைரி இல்லை.

முப்பத்து மூன்றாம் நாள் அக்காவின் கையைப் பிடித்தேன். அவரைக்காய் நரம்பு மாதிரி இருந்தது. அன்று வந்தவாசிக்குப் போய் மருந்துக்கடையில் குளுக்கோஸ் பொடி ஒரு டப்பா வாங்கினேன். மறுநாள் காலை வெந்நீரில் ஒரு கரண்டி. சாயங்காலம் ஒரு கரண்டி. அதற்கடுத்த இரண்டு நாளும். விரதத்தைக் கெடுக்க வேண்டும் என்று நினைக்கவில்லை. அவள் விரதமும் இருக்கட்டும், அவளும் இருக்கட்டும் என்று நினைத்தேன். ஒரு கரண்டிக்கு ருசி தெரியாது என்று கடைக்காரர் சொன்னார். அவர் சொல்லவில்லை. நானே சொல்லிக்கொண்டேன்.

முப்பத்தேழாம் நாள் காலையில் இரண்டு கரண்டி போட்டேன்.

ஒரு மடக்கு குடித்தாள். வாயிலேயே வைத்திருந்தாள் கொஞ்ச நேரம். விழுங்கிவிட்டு என்னைப் பார்த்தாள். மீதியை என்னிடம் கொடுத்தாள். நான் வாங்கிக் கீழே ஊற்றிய பிறகு, டம்ளரைத் திருப்பி வாங்கித் தட்டின் மேல் கவிழ்த்தாள். விரதக்காரர் ஏனத்தைக் கவிழ்த்தால் அதைத் துறந்துவிட்டார் என்று அர்த்தம். சுற்றி இருந்தவர்கள் பஞ்ச மந்திரம் சொல்ல ஆரம்பித்தார்கள். ஒரு பெண் என் காலில்கூட விழுந்தாள், அப்படிப்பட்டவளுடைய தம்பி என்று.

நாலு நாளில் போய்விட்டாள். பத்து நாள் இருந்திருக்க வேண்டியவள். அவள் தண்ணீரைத் துறக்கவில்லை. என் கையிலிருந்து வந்த தண்ணீரை அவளால் நம்ப முடியாமல் போயிற்று. சொன்னால் ஊர் நடுவில் என் மானம் போகும் என்று சொல்லாமல் விட்டாள்.

இதைத்தான் நான் பஸ்ஸில் சொல்லிச் சொல்லிக் கும்பிடு வாங்கியிருக்கிறேன்.

செப்டம்பர் 8, திங்கள்

பர்வம் முடிந்து இன்று மன்னிப்பு நாள். ஒருவருக்கொருவர் கைகூப்பி, "அறிந்தும் அறியாமலும் செய்த பிழையெல்லாம் பொறுக்கணும்" என்போம். எதிரில் இருப்பவர் "பொறுத்தேன், நீங்களும் பொறுக்கணும்" என்பார். ஜினாலயத்து வாசலில் பத்து நிமிடத்தில் ஐம்பது பேரிடம் சொல்லிவிடலாம்.

நான் ஒரு யோசனை வைத்திருந்தேன். ஆதிராஜ் மாமாவிடமும் இதே வார்த்தையைச் சொல்லி, அவர் பொறுத்தேன் என்றதும் மனசுக்குள் கணக்குத் தீர்த்துக்கொள்வது. 'அறிந்தும்' என்பதில் எல்லாம் அடங்குகிறதே.

அவர் கொடிமரத்தடியில் தனியாக உட்கார்ந்திருந்தார். போய்க் கைகூப்பினேன்.

"மாமா, அறிஞ்சும் அறியாமலும் செஞ்ச பிழையெல்லாம் பொறுக்கணும்."

"பொறுத்தேன்டா. நீயும் பொறுக்கணும்."

முடிந்தது. வீட்டுக்குப் போயிருக்கலாம். பொங்கல் காத்திருந்தது. கால் நகரவில்லை.

"இன்னாடா?"

"அறிஞ்சு செஞ்சது ஒண்ணு இருக்கு மாமா."

சொன்னேன். டப்பா, கரண்டி, ஏனம், எறும்பு எல்லாம். நான் முடித்த பிறகும் மாமா கொடிமரத்து நிழலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்:

"அப்ப நான் அழுததால இல்லயா?"

எனக்குப் புரியவில்லை.

"அன்னிக்கு விடியகாலையில அவ பக்கத்துல உக்காந்து அழுதேன்டா. ஒரு வாய் மோராவது குடி, என்ன வுட்டுட்டுப் போவாதன்னு. விரதத்துல இருக்கறவங்க கிட்ட அப்படி அழலாமா? அவ மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்கினா. கொஞ்ச நேரத்துல நீ தண்ணி எடுத்தாந்த, அவ டம்ளர கவுத்துட்டா. என் பாசம் அவளுக்கு எடஞ்சலா பூட்டுது, அதான் சீக்கிரமா போவணும்னு முடிவு பண்ணிட்டான்னு நெனச்சேன். ஒன்பது வருஷம். நீ ஒவ்வொரு வாட்டியும் பற்று அத்துப்போச்சு, பற்று அத்துப்போச்சும்பியே. என் பற்றத்தான் சொல்றன்னு உக்காந்து கேட்டுக்கினு இருந்தேன்."

எழுந்து நின்றார். நான் கை கொடுக்கப் போனேன். வேண்டாம் என்றார்.

"மொதல்ல சொன்னனே பொறுத்தேன்னு, அது இதுக்கு இல்ல. அத திருப்பி எடுத்துக்கறேன்."

செப்டம்பர் 9, செவ்வாய்

மாமா சாப்பிட வரவில்லை. சுலோசனா தூக்கில் எடுத்துப்போய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

செப்டம்பர் 10, புதன்

இன்றும் வரவில்லை.

செப்டம்பர் 11, வியாழன்

நாலு மணிக்கு மாமா வந்து நின்றார். "அந்த அம்மா எங்க இருக்காங்க? வா" என்றார். அவ்வளவுதான். முன்னால் நடந்தார். நான் பின்னால் போனேன்.

சத்திரத்து அறையில் பேராசிரியை பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். மாமா நாற்காலியில் உட்கார்ந்து, "இவன் ஒண்ணு சொல்லுவான், எழுதிக்குங்க" என்றார். சொன்னேன். அந்த அம்மா கரண்டிக் கணக்கைக் கேட்டார். முதல் மூன்று நாளும் வேளைக்கு ஒன்று, ஆறு. கடைசி நாள் இரண்டு. வேறு யாருக்குத் தெரியும் என்றார். சுலோசனா எறும்பைப் பார்த்தாள், அவ்வளவுதான். அவர் தட்டச்சு செய்யும் சத்தம் மட்டும் கேட்டது.

"அந்த டைரியும் நான் போன மாசம் எழுதினது" என்றேன்.

"தெரியும் ஐயா. பன்னெண்டாம் நாள் முதல் தடவையா மயில் வந்துச்சு. இருபதாம் நாள் மறுபடியும் முதல் தடவையா வந்துச்சு." அவர் சிரிக்கவில்லை. "நீங்களா சொல்லணும்னு இருந்தேன். இல்லன்னா உங்க அக்காவைப் பட்டியல்லேர்ந்து எடுத்திருப்பேன்."

"இப்ப எடுத்துடுவீங்களா?"

"இல்ல. அந்த ஒரு வரிதான் போகுது. அதோட என் பாதிப் பகுதியும் போகுது, திருப்பி எழுதணும்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவங்க நீரைத் துறந்ததுக்குக் காரணம் யாருக்கும் உறுதியாத் தெரியாது, தண்ணியில குளுக்கோஸ் கலந்திருந்ததுன்னு போடுவேன். பேரு வேணா மாத்திடட்டுமா?"

"அவ பேரை மாத்தாதீங்க" என்றார் மாமா. "அவ ஒண்ணும் தப்பு பண்ணல."

என் பெயரைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

திரும்பும்போது மாமா மெல்ல நடந்தார். ஏரிக்கரை திருப்பத்தில் நின்றார். பொழுது சாய இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது.

"தரணி. டம்ளர கவுத்த பிற்பாடு நாலு நாளு நீதான பக்கத்துல இருந்த. என்னக் கிட்ட விடல, நான் அழுதுடுவேன்னு. அவ என்னப் பத்தி எதனா சொன்னாளா?"

எனக்கு உடனே வந்துவிட்டது. மாமாவைப் பார்த்துக்கோ, அவர் மனசு பச்சப் பிள்ளை மனசு என்று சொன்னாள், உங்கள் பெயரைச் சொல்லும்போது லேசாகச் சிரித்தாள், அன்று ஜன்னலில் வெயில் விழுந்திருந்தது. நாக்கு நுனியில் அத்தனையும் தயாராக நின்றது. சொன்னால் நம்புவார். இன்னும் எத்தனை வருடம் இருக்கப்போகிறார், அதைப் பிடித்துக்கொண்டு இருந்துவிடுவார்.

"ஒண்ணும் சொல்லல மாமா" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். நான் தரையைப் பார்க்கவில்லை.

"ஒண்ணுமேவா?"

"கண்ண மூடிக்கினு இருந்தா. உங்களப் பத்தியும் சொல்லல, என்னப் பத்தியும் சொல்லல."

மாமா தலையை ஆட்டினார். "ஆமா. அவ சொல்லமாட்டா" என்றார். பிறகு, பள்ளம் வருகிறது என்று என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.